ப்ளோயர் மோட்டாருக்கு 8,500 ரூபாய்: யார் தலையில் விழும்?

சென்னைப் புறநகரில் வாடகைக்குக் குடியிருக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

படுக்கையறையில் இருக்கும் ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஸ்ப்ளிட் ஏசி வீட்டு உரிமையாளருடையது. 2022-ல் வாங்கியது. ஏப்ரலில் ஒரு நாள் வெளி யூனிட் ஓடிக்கொண்டிருக்க, உள்ளே காற்று மட்டும் வரவில்லை. இணையத்தில் தேடி, "கம்பெனி சர்வீஸ்" என்று போட்டிருந்த ஒரு எண்ணுக்குப் பேசியிருக்கிறார். வந்தவர் கம்பெனி பெயர் போட்ட டி-ஷர்ட் அணிந்திருந்தார். பார்த்துவிட்டு, ப்ளோயர் மோட்டார் (உள் யூனிட்டில் காற்றைத் தள்ளும் விசிறியைச் சுற்றுவது) 4,800, பிசிபி போர்டு (ஏசியை இயக்கும் மின்னணுப் பலகை) 6,500, கேஸ் 2,500, கூலி 1,200, ஆக மொத்தம் 15,000 ரூபாய் என்று வாட்ஸ்அப்பில் கணக்கு அனுப்பினார். அவ்வளவு முடியாது என்றதும், "இப்போதைக்கு மோட்டார் போதும், போர்டைப் பிறகு பார்த்துக்கலாம்" என்று குரல் பதிவு ஒன்று அனுப்பிவிட்டு மோட்டாரை மாற்றி, கேஸ் ஏற்றி, 8,500 ரூபாயை ஒரு தனிநபர் பெயரிலான யுபிஐ கணக்கில் வாங்கிக்கொண்டார். பில் இல்லை. பழைய மோட்டாரையும் "கம்பெனிக்குத் திருப்பி அனுப்பணும்" என்று எடுத்துப் போய்விட்டார். ஐந்தே வாரம். கத்திரி வெயில் உச்சத்தில் மறுபடி அதே பழுது. இப்போது அவர், "அன்றே போர்டை மாற்றியிருக்கணும், அதுதான் புது மோட்டாரையும் எரித்துவிட்டது, இன்னும் 11,300 ஆகும்" என்கிறார். வீட்டு உரிமையாளரோ, "நீங்கள்தானே உபயோகிக்கிறீர்கள்" என்று கையை விரித்துவிட்டார்.

வாசகியின் கேள்விகள்: பத்து வருட வாரண்டி இருக்கும்போது நான் ஏன் பணம் தர வேண்டும்? இணையத்தில் 1,400 ரூபாய்க்குக் கிடைக்கும் மோட்டாருக்கு 4,800 வாங்கியது மோசடிதானே? ஏசி உரிமையாளருடையது என்பதால் செலவும் அவருடையதுதானே, அடுத்த மாத வாடகையில் கழித்துக்கொள்ளலாமா? ஏசி என் பெயரில் இல்லாதபோது நுகர்வோர் ஆணையத்துக்கு நான் போக முடியுமா?

சகோதரி, நீங்கள் உறுதியாக நம்பும் மூன்று விஷயங்களில் சட்டம் உங்கள் பக்கம் அவ்வளவாக இல்லை. நீங்கள் சந்தேகப்படும் நான்காவதில்தான் உங்கள் கை ஓங்கி இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பத்து வருட வாரண்டி எதற்கு?

வாரண்டி அட்டையை உரிமையாளரிடம் கேட்டு வாங்கிப் படியுங்கள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் பத்து வருடம் பொதுவாகக் கம்ப்ரஸருக்கு மட்டும். முழு யூனிட்டுக்கும் பெரும்பாலான கம்பெனிகள் ஒரு வருடம்தான் தருகின்றன. சில மாடல்களில் பிசிபி-க்கு ஐந்து வருடம் உண்டு, சில கம்பெனிகள் மொத்த ஏசிக்குமே ஐந்து வருடம் தருகின்றன. ப்ளோயர் மோட்டார் அந்த முதல் வருட வாரண்டிக்குள் வரும் பாகம். ஆகவே 2022-ல் வாங்கிய ஏசிக்கு மோட்டார் இலவசமாகக் கிடைப்பது சிரமம். ஆனால் பிசிபி-க்கு இன்னும் வாரண்டி மிச்சம் இருக்கலாம். 6,500 ரூபாய் கேட்கிறார்களே, அந்தப் போர்டு உங்களுக்கு இலவசமாகவே கிடைக்க வாய்ப்பிருக்கிறது. எந்தப் போர்டு என்பதையும் பாருங்கள். உள் யூனிட்டில் ஒன்று, வெளி யூனிட்டில் ஒன்று என இரண்டு உண்டு.

ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். அங்கீகாரம் இல்லாத ஆள் யூனிட்டைத் திறந்தால் வாரண்டி செல்லாது என்ற நிபந்தனை பல அட்டைகளில் இருக்கும். கம்ப்ரஸர் வாரண்டிக்கே இதனால் சிக்கல் வரலாம். உரிமையாளரின் கோபத்துக்கு இதுவும் ஒரு காரணமாக இருந்தால் அதில் நியாயம் இருக்கிறது. வந்தவர் உண்மையில் கம்பெனி ஆள்தானா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். யூனிட்டின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ வாரண்டி அட்டையிலோ உள்ள எண்ணுக்கு அழைத்து, அந்தத் தேதியில் உங்கள் முகவரிக்குப் புகார் எதுவும் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். பதிவு இல்லை என்றால் கம்பெனியைப் பிடிக்க வழியில்லை. வந்தவரைத்தான் பிடிக்க வேண்டும்.

விலையை வைத்து மட்டும் மோசடி என்று சொல்ல முடியாது

உங்கள் கடிதத்தின் இந்தப் பகுதியை, என் அலுவலக ஏசியைப் பல வருடமாகப் பார்த்துவரும் மெக்கானிக்கிடம் ஊர் பெயர் சொல்லாமல் படித்துக் காட்டினேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "மோட்டாரிலிருந்து எத்தனை வயர் வருது?"

உள் யூனிட் மோட்டார்களில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, கெப்பாசிட்டர் வைத்து, வீட்டுக்கு வரும் மாறுமின்னோட்டத்திலேயே ஓடும் சாதாரண மோட்டார். இதற்கு மாடலைப் பொறுத்துச் சுமார் 1,500 முதல் 2,500 வரை ஆகும். இன்னொன்று பிஎல்டிசி, அதாவது பிரஷ் இல்லாத டிசி (நேர்மின்னோட்ட) மோட்டார். இன்வெர்ட்டர் ஏசிகள் பலவற்றில் இதுதான் இருக்கிறது. அதிலிருந்து ஐந்து வயர்கள் வரும். சுமார் 310 வோல்ட் டிசி ஒரு வயரில், 15 வோல்ட் இன்னொன்றில், வேகத்தைச் சொல்லும் சிக்னல், ஓடும் வேகத்தைத் திருப்பிச் சொல்லும் சிக்னல், பிறகு கிரவுண்டு. இந்த வகை மோட்டார் கம்பெனியைப் பொறுத்து 3,000-லிருந்து 5,500 வரை போகும். நீங்கள் இணையத்தில் பார்த்த 1,400 ரூபாய் மோட்டார் அநேகமாக முதல் வகை. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், உங்கள் ஏசியில் ஓடாது. ஆக, மாட்டியது பிஎல்டிசி மோட்டார், அதுவும் புதியது என்றால், 4,800 அதிகம்தான், ஆனால் கொள்ளை அல்ல. உள் யூனிட்டைப் பிரித்து மோட்டாரைக் கழற்றி மாட்டும் வேலைக்கு 1,200 ரூபாய் கூலியும் அப்படித்தான்.

புதியதா என்பதுதான் எனக்கு நெருடுகிறது. மோட்டார் வந்த அட்டைப்பெட்டியை நீங்கள் பார்த்ததாகக் கடிதத்தில் எங்குமே இல்லை. பெட்டியில் அடைத்து விற்கும் எந்தப் பொருளிலும் எம்ஆர்பி அச்சிட்டிருக்க வேண்டும், அதற்கு மேல் விற்கக்கூடாது என்பது எடையளவுச் சட்ட விதி. உதிரி பாகத்துக்கும் இது பொருந்தும். பெட்டி இல்லாமல் கையில் கொண்டுவந்து மாட்டிய மோட்டார் என்றால், வேறு ஏசியிலிருந்து கழற்றியதோ, சரிசெய்த பழையதோ என்ற சந்தேகம் வரத்தான் செய்யும். ஐந்து வாரத்தில் நின்றது அந்தச் சந்தேகத்துக்கு வலு சேர்க்கிறது.

அந்தக் கேஸ் 2,500-க்கு வருவோம். இதைக் கேட்டதும் மெக்கானிக் சிரித்துவிட்டார். ப்ளோயர் மோட்டார் மாற்றுவதற்கும் கேஸுக்கும் சம்பந்தமில்லை. மோட்டாரை எடுக்க கேஸ் குழாயைத் திறக்க வேண்டியதில்லை. சில மாடல்களில் காயிலை (குளிர்விக்கும் குழாய்ச் சுருளை) லேசாகத் தூக்கிப் பிடித்தால் போதும். ப்ளோயர் ஓடாதபோது உள்ளே காயில் மீது ஐஸ் கட்டும். கேஸ் குறைந்தாலும் ஐஸ் கட்டும். இந்த ஒற்றுமையை வைத்துத்தான் "கேஸும் கம்மியா இருக்கு" என்று சொல்கிறார்கள். பெட்ரோல் போல கேஸ் எரிந்து தீர்ந்துபோகும் பொருள் அல்ல. எங்காவது கசிந்தால்தான் குறையும். கசிவு எங்கே என்று காட்டினாரா? அடைத்தாரா? குழாயில் உள்ள காற்றை உறிஞ்சி வேக்யூம் போட்டாரா? எடை மெஷினில் வைத்து ஏற்றினாரா? இவை எதுவும் நடக்கவில்லை என்றால், 8,500-ல் நீங்கள் அழுத்தமாகத் திருப்பிக் கேட்க வேண்டிய முதல் தொகை இந்த 2,500.

போர்டு மோட்டாரை எரித்ததா?

உங்கள் வீட்டுக்கு வந்த மெக்கானிக் சொல்வது நடக்காத காரியம் அல்ல. பிஎல்டிசி வகையில் கெட்டுப்போன மோட்டார் போர்டைக் கெடுப்பதும், கெட்ட போர்டு புது மோட்டாரைக் கெடுப்பதும் உண்டு. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் புது மோட்டாரை மாட்டும் முன் போர்டிலிருந்து வரும் வோல்ட்டேஜை மீட்டர் வைத்துப் பார்ப்பார்கள். இரண்டு நிமிட வேலை.

சட்டப்படி உங்கள் வழக்கின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. போர்டு பழுது என்று தெரிந்தே மோட்டாரை மட்டும் மாட்டியிருந்தால், காசு வாங்கிக்கொண்டு எரியப்போகிற ஒன்றை மாட்டினார் என்று ஆகிறது. தெரியாமல் மாட்டியிருந்தால், செய்ய வேண்டிய சோதனையைச் செய்யவில்லை. எப்படிப் பார்த்தாலும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்லும் சேவைக் குறைபாடு இது. எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதும் தெரிந்ததே: "நான் போர்டையும் சேர்த்துத்தான் எஸ்டிமேட் கொடுத்தேன், அவர்கள்தான் வேண்டாம் என்றார்கள்." வாட்ஸ்அப்பில் 6,500 என்ற வரி இருப்பதால் இந்த வாதத்துக்குக் கொஞ்சம் பலம் உண்டு. "இப்போதைக்கு மோட்டார் போதும்" என்று அவர் குரலிலேயே இருக்கும் பதிவுதான் அதை உடைக்கும். அதைப் பத்திரமாக வேறு ஒரு போனிலும் சேமித்து வையுங்கள். உரையாடலை அழித்துவிடாதீர்கள்.

பில் தராததும் தனிக் குற்றச்சாட்டு. விற்ற பொருளுக்கோ செய்த சேவைக்கோ பில், ரசீது தராமல் இருப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்று அந்தச் சட்டத்தின் 2(47) பிரிவு சொல்கிறது. ஜிஎஸ்டி பதிவு இல்லாத சின்னக் கடை என்றால் ஜிஎஸ்டி பில் தர முடியாது, சரி. சாதாரண ரசீது தருவதை யார் தடுத்தார்கள்? பழைய மோட்டார் விஷயமும் அப்படித்தான். வாரண்டியில் இலவசமாக மாற்றினால் கம்பெனி பழைய பாகத்தை எடுத்துக்கொள்ளும். நீங்கள் முழுக் காசு கொடுத்து மாற்றினால் பழையது உங்கள் தரப்புக்குச் சொந்தம். அது கையில் இருந்திருந்தால், மோட்டார் நிஜமாகவே போயிருந்ததா என்று வேறொருவரிடம் காட்டியிருக்கலாம். இப்போது ஏசியில் இருக்கும் மோட்டாரையாவது யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சிப் பொருள் அதுதான்.

வாடகையில் கழிக்காதீர்கள்

நீங்கள் அதிகம் தவறாக நினைத்திருப்பது இதைத்தான். தமிழ்நாட்டில் இப்போது நடப்பில் இருப்பது 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த நில உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம். அதன் இரண்டாவது அட்டவணை எந்தப் பழுது யார் பொறுப்பு என்று பிரித்துச் சொல்கிறது. கட்டட அமைப்பு சார்ந்த பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் உரிமையாளருக்கு. குழாய் வாஷர், ஸ்விட்ச், கீசர் பழுது எல்லாம் வாடகைதாரருக்கு. அந்த இரண்டாம் பட்டியலில், பெரிய வயரிங் வேலை நீங்கலாக மின் சாதனங்களைப் பழுதுபார்ப்பதும் மாற்றுவதும் என்று ஒரு வரி இருக்கிறது. ஏசி என்று பெயர் சொல்லவில்லை. ஆனாலும் அந்த வரிக்குள் ஏசி மோட்டார் வந்துவிடும் என்று வாதிட உரிமையாளருக்கு நல்ல இடம் இருக்கிறது. பத்து ரூபாய் வாஷரையும் பல ஆயிரம் ரூபாய் மோட்டாரையும் ஒரே பட்டியலில் போட்டது சரியல்ல என்பது என் கருத்து. ஆனால் சட்டம் அப்படி இருக்கிறது.

இதற்கு விலக்கு, எழுத்தில் உள்ள ஒப்பந்தம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதுதான் செல்லும். உங்கள் ஒப்பந்தத்தில் "சின்னப் பழுதுகள் வாடகைதாரர் பொறுப்பு" என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சின்னப் பழுது உங்கள் பொறுப்பு என்று தனியாகப் பிரித்து எழுதினால், பெரியது உங்களுடையது அல்ல என்று வாதிடலாம். 8,500 ரூபாய் வேலை சின்னப் பழுதா என்று கேட்கலாம். இயல்பான தேய்மானத்துக்கு வாடகைதாரர் பொறுப்பல்ல என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. மோட்டார் ஓடி ஓடித் தேயும் பாகம். இவை பேச்சுவார்த்தையில் உதவும் வாதங்கள். இவற்றை நம்பி வாடகையைக் குறைத்துக் கட்டும் அளவுக்கு உறுதியானவை அல்ல. உரிமையாளர் செய்ய வேண்டிய பழுதை அவர் செய்யாவிட்டால் நாமே செய்து வாடகையில் கழிக்கலாம் என்று சட்டம் அனுமதிப்பது உண்மை. ஆனால் இது அவர் பட்டியலில் உள்ள பழுதா என்பதே சந்தேகமாக இருக்கும்போது, நீங்கள் கழித்த தொகை வாடகை பாக்கியாகக் கணக்கில் ஏறும். பாக்கி சேர்ந்தால் வீட்டைக் காலிசெய்யச் சொல்ல அதுவே காரணமாகிவிடும்.

என் யோசனை, ஆளுக்குப் பாதி. உரிமையாளரிடம் சண்டைத் தொனி வேண்டாம். "ஏசி உங்கள் சொத்து, சரிசெய்தால் அதன் மதிப்பு உங்களுக்குத்தான் நிற்கும். கம்பெனி ஆளை வைத்தே பார்க்கலாம், போர்டுக்கு வாரண்டி இருந்தால் அந்தச் செலவே இல்லை. மீதியைப் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்ளலாமா?" என்று கேளுங்கள். ஒத்துக்கொண்டால் வாட்ஸ்அப்பில் ஒரு வரி வாங்கி வையுங்கள். அடுத்த ஒப்பந்தத்தில் ஏசி, கீசர் பெரிய பழுது யாருடையது என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். 11 மாத ஒப்பந்தம்தானே, பதிவு வேண்டாம் என்று நீங்களும் நினைத்திருக்கலாம். இந்தச் சட்டத்தில் அந்தச் சலுகை இல்லை. எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும்.

உங்கள் கணவர் சொல்வதுபோல் புது ஏசி வாங்குவது இப்போது தேவையில்லை. 2022-ல் வாங்கியது, கம்ப்ரஸர் நன்றாக இருக்கிறது. மோட்டார், போர்டு இரண்டையும் மாற்றினாலும் புது ஏசி விலையில் மூன்றில் ஒரு பங்கு வருமா என்பதே சந்தேகம். 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது உண்மைதான். அதற்காக அடுத்தவர் சுவரில் உங்கள் காசில் ஏசி மாட்ட வேண்டுமா?

ஏசி உங்களுடையதாக இருக்க வேண்டியதில்லை

நுகர்வோர் ஆணையத்தில் ஏசி யாருடையது என்று கேட்க மாட்டார்கள். சேவைக்குப் பணம் கொடுத்தது யார் என்பதுதான் கேள்வி. யுபிஐ-யில் கொடுத்தது நீங்கள், ஆகவே நுகர்வோர் நீங்கள். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் தரலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை (இதை எழுதும் வக்கீலுக்கு நஷ்டம்தான்). நுகர்வோர் புகார்களுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம்.

ஆனால் இதைக் கடைசிப் படியாக வையுங்கள். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும், பொருளைப் பரிசோதிக்க வேண்டியிருந்தால் ஐந்து மாதம் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் அதைவிட இழுக்கும். 8,500 ரூபாய்க்கு அந்த அலைச்சல் தேவையா என்பதை உங்கள் நேரத்தையும் கணக்கில் வைத்து நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும். இந்த வரிசையில் போங்கள்:

முதலில் ஏசியின் எம்சிபி-யை (ஏசிக்கான தனி மின் பாதுகாப்பு ஸ்விட்சை) ஆஃப் செய்துவிடுங்கள். ப்ளோயர் ஓடாமல் வெளி யூனிட்டை ஓடவிட்டால் ஐஸ் கட்டி, கம்ப்ரஸருக்கும் கேடு வரும்; பிறகு செலவு வேறு கணக்கு.

அடுத்து, வாரண்டி அட்டை எண்ணில் கம்பெனியை அழைத்து ஆளை வரச் சொல்லுங்கள். பார்வைக் கட்டணம் சில நூறு ரூபாய் ஆகும், பரவாயில்லை. மோட்டார் புதியதா பழையதா, போர்டில் வோல்ட்டேஜ் சரியா, கேஸ் அளவு என்ன என்ற மூன்றையும் ஜாப் ஷீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தாள்தான் நாளைக்கு உங்கள் நிபுணர் சாட்சி.

அந்தத் தாள் கைக்கு வந்த பிறகு, பழைய மெக்கானிக்குக்கு வாட்ஸ்அப்பிலும் ஸ்பீட் போஸ்டிலும் எழுதுங்கள். முகவரி இல்லை என்றால் வாட்ஸ்அப் போதும். இன்ன தேதியில் இவ்வளவு வாங்கினீர்கள், பில் தரவில்லை, ஐந்து வாரத்தில் மோட்டார் நின்றது, கம்பெனி ஆய்வு இப்படிச் சொல்கிறது, 15 நாளில் 8,500-ஐத் திருப்பித் தாருங்கள் என்று நிதானமாக எழுதினால் போதும். திட்டாதீர்கள், நாளை அதை ஆணையம் படிக்கும். இந்தக் கட்டத்திலேயே பாதித் தொகையைத் திருப்பித் தர முன்வருபவர்கள் பலர். அந்த 2,500-உம் மோட்டார் விலையில் ஒரு பகுதியும் வந்தால் வாங்கிக்கொண்டு முடித்துக்கொள்வது தவறில்லை.

பதில் இல்லை என்றால் 1915-க்கு அழைத்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவுசெய்யுங்கள். பெரிய கம்பெனிகளிடம் அந்த மையத்தின் பேச்சு எடுபடும். தனி மெக்கானிக்கிடம் அவ்வளவு எதிர்பார்க்க வேண்டாம். அந்த ஆள் கம்பெனியைச் சேர்ந்தவரே இல்லை, அதன் பெயரைச் சொல்லி ஏமாற்றினார் என்று உறுதியானால் அது ஆள்மாறாட்டம், மோசடி. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் அந்தப் போன் எண்ணையும் யுபிஐ ஐடி-யையும் கொடுத்துப் புகார் பதியுங்கள், காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுங்கள். கம்பெனிக்கும் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். தங்கள் பெயரில் ஓடும் போலி எண்களை முடக்குவதில் அவர்களுக்கும் அக்கறை உண்டு.

அந்த 11,300-ஐ மட்டும் இப்போது யாருக்கும் கொடுக்காதீர்கள். ஜாப் ஷீட்டும் வாரண்டி அட்டையின் படமும் கைக்கு வந்ததும் எனக்கு அனுப்புங்கள். மெக்கானிக் என்ன பதில் சொல்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, வக்கீல் நோட்டீஸ் தேவையா இல்லையா என்று சொல்கிறேன்.